நீர் ஆதாரம்: பிற

பதினேழு வருடமாகத் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன்.
தீயைச் சரியாகப் பார்த்ததில்லை.
சொன்னால் மைத்துனன் சிரிக்கிறான்.

வண்டி எப்போதும் தெருமுனையோடு நின்றுவிடும்.
வியாசர்பாடியில் எந்தச் சந்தும்
எங்கள் அகலம் கேட்டுப் போடப்பட்டதல்ல.
எபநேசரும் தணிகாசலமும்
ஹோஸைத் தோளில் சுமந்து
ஓடி, வளைவில் மறைவார்கள்.
நான் பம்ப்போடு நிற்பேன்.

உள்ளே நடப்பதை ஹோஸ்தான் சொல்லும்.
தட்டையாய்க் கிடப்பது
உப்பும், திமிறும்,
பிறகு தேக்குக் கட்டைபோல் இறுகும்.
பூட்ஸ் நுனியால் தொட்டுப் பார்ப்பேன்.
முள் ஏறினால் முனையை மூடியிருக்கிறார்கள்,
ஆள் இடம் மாறுகிறான்.
இறங்கினால் அடிக்கிறான்.
ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால்
எனக்கு நாக்கு வறளும்.

கூட்டம் என்னைச் சுற்றித்தான் சேரும்.
"இன்னாபா, அவுங்க உள்ள போய்ட்டாங்க,
நீ மட்டும் இங்க நின்னுனுகீற?"
"இதுல எவ்ளோ தண்ணி புடிக்கும்?"
நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்.
ஒருத்தி உடனே கணக்குப் போடுவாள்,
எங்க சந்துக்கு மூணு நாளைக்கு வரும்.

எல்லா மணியும் தீக்கு அடிப்பதல்ல.
மாஞ்சா நூலில் தொங்கிய காக்கை,
கிரில் கம்பிக்குள் தலை விட்ட பையன்,
ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் சாரைப் பாம்பு.
ஒரு டிசம்பரில் தண்ணீரையே அணைக்கப் போனோம்.
ஒரு தெருவிலிருந்து உறிஞ்சி
அடுத்த தெருவில் விட்டோம்.
அடுத்த தெருக்காரர்கள் கல்லெடுத்தார்கள்.

அந்த ராத்திரி
தீபாவளி முடிந்து இரண்டு நாள்.
அட்டைக் கிடங்கு,
அதன் முதுகில் ஒட்டியபடி பதினோரு வீடுகள்.
நான் பார்த்தது
வளைவுக்கு மேலே வானம் கொஞ்சம்
செங்கல் நிறமாக இருந்ததை மட்டும்.

தொட்டியில் கால்வாசி.
தண்ணீர் லாரி சுரங்கப்பாதையில் மாட்டியிருக்கிறது என்றது வயர்லெஸ்.
தெருக்குழாய் திறந்தால் காற்று.
கணக்குப் போடுபவளிடம்
எவ்வளவு மிச்சம் என்று நானே சொல்லிவிட்டேன்,
வேறு யாரிடம் சொல்வது.

அவள் ஒன்றும் பேசவில்லை, போனாள்.
திரும்பும்போது இடுப்பில் குடம்.
அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி,
லுங்கியை மடித்துக் கட்டிய கிழவர்,
நைட்டிமேல் துண்டு போட்ட பெண்கள்.
மறுநாள் காலைக்கென்று
பிடித்து மூடி வைத்த தண்ணீர்.
பசங்கள் ஏணியில் ஏறி
மேல்மூடியைத் திறந்து
கைமாற்றிக் கைமாற்றி ஊற்றினார்கள்.

ஒரு குடம் பதினைந்து லிட்டர்.
அந்த வேகத்தில் என் பம்ப்
ஒரு நொடியில் குடித்துவிடும்.
ஒரு குடம், ஒரு நொடி.
எனக்குத் தெரியும்,
அவர்களிடம் சொல்லவில்லை.
வேகத்தைக் குறைத்தேன்,
எபநேசர் உள்ளிருந்து கெட்ட வார்த்தையில் திட்டினான்.
கொஞ்சம் ஏற்றினேன்.
சில நொடிகள் ஹோஸ் துவண்டு
மறுபடி நிமிர்ந்தது.
லாரி வந்தபோது தெருவில்
ஒரு குடத்திலும் தண்ணீர் இல்லை.

பதினொன்றில் ஒன்பது வீடு நின்றது.
இதில் குடம் எத்தனை, லாரி எத்தனை
என்று என்னைக் கேட்காதீர்கள்.

அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு, நீர் ஆதாரம்:
கிணறு, ஏரி, தெருக்குழாய், லாரி, பிற.
நிலைய அலுவலர் பேனாவைக் கடித்துக்கொண்டு
பிற என்பதில் டிக் அடித்தார்.

காலையில் வண்டி கழுவும்போது
பின்படியில் ஒரு பச்சைக் குடம்.
கழுத்தில் நெயில் பாலிஷால்
குமுதா என்று எழுதியிருந்தது.

ட்யூட்டி முடித்து எடுத்துக்கொண்டு போனேன்.
பகலில் அந்த வளைவைத் தாண்டி
முதல் தடவையாக நடந்தேன்.
கரி நாற்றம், ஈர அட்டை,
காயப்போட்ட ரேஷன் கார்டு ஒன்று.

அங்கே மூன்று குமுதா இருந்தார்கள்.
முதலாமவள் தன்னுடையது நீலம் என்றாள்.
இரண்டாமவள் வேலைக்குப் போயிருந்தாள்.
மூன்றாமவள் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்னுது இல்ல," என்றாள்.
"ஆனா குடு.
பத்து மணிக்குத் தண்ணி வருது."